ஒரே பக்கத்துல எத்தனை ‘ரன்’! யாராச்சும் விளக்குங்களேன்

தேனிக்காரி_நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் முடிச்சுட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து போற எண்ணத்துல ஓஇடி பரீட்சைக்கு (மருத்துவத் துறையில வேலை பார்க்கிறவங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை) படிச்சிட்டிருக்கேன். பயிற்சிப் புத்தகத்துல, டூட்டி மாத்தும்போது ரெண்டு நர்ஸ் பேசிக்கிற மாதிரி ஒரு பக்கம். அதுல இருக்கிறதை அப்படியே போடுறேன்:

ஹி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்.
தி டிரிப் இஸ் ரன்னிங் அட் எ ஹண்ட்ரட் எம்எல் அன் அவர்.
வி ஆர் ரன்னிங் லோ ஆன் க்ளவ்ஸ்.
தி டாக்டர் வான்ட்ஸ் டு ரன் எ ஃப்யூ டெஸ்ட்ஸ்.
டயபெடிஸ் ரன்ஸ் இன் ஹிஸ் ஃபேமிலி.
கேன் யூ ரன் திஸ் டவுன் டு தி லேப்?
தி க்ளினிக் இஸ் ரன்னிங் லேட்.
லெட் மி ரன் த்ரூ ஹிஸ் மெடிசின்ஸ் வித் யூ.

இத்தனை ரன்ல ஒருத்தர்கூட ஓடலை. லேபுக்குச் சாம்பிள் கொண்டுபோறவங்ககூட நடந்துதான் போவாங்க. அகராதியைத் திறந்தா ‘ரன்’னுக்கு மட்டும் பக்கம் பக்கமா போகுது. இதுக்கு ஏதாச்சும் பிடி இருக்கா, இல்ல தனித்தனியா உருப்போடணுமா?

சும்மா_சுந்தரம்

உருப்போடுங்க. இங்கிலீஷ்ல காரணம் கேட்டா நரைச்சுடும். பரீட்சைக்கு வர்ற பத்திருபதை எழுதி வச்சு தினம் பாருங்க, போதும்.

பழைய_அகராதி

சுந்தரம் சார் சொல்ற வழியில் பாஸ் ஆகலாம், மறுக்கவில்லை. ஆனால் பிடி உண்டு.

முதலில் ஒரு ஆறுதல். ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியில் இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் ஒன்பது மாதம் செலவழித்தார். 2011-ல் அது வெளியானபோது எண்ணிப் பார்த்தால் 645 பொருள். அதற்கு முன் முதலிடம் ‘செட்’டுக்கு, 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430. இந்த 645-ல் வழக்கொழிந்தவை, மாலுமிகள் மட்டும் சொன்னவை, ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ என்று வால் ஒட்டியவை எல்லாம் அடக்கம். எனவே பயப்பட வேண்டாம். இதெல்லாம் புதுத் தொல்லையும் இல்லை. 1755-ல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், பொருளை வரையறுத்து நிறுத்தவே முடியாத வினைகள் என்று முன்னுரையில் ஒரு பட்டியல் கொடுத்து அங்கலாய்த்திருக்கிறார். கெட், கிவ், புட், செட், மேக், டேக் வரிசையில் ‘ரன்’னும் உண்டு.

இனி பிடி. பழைய ஆங்கிலத்தில் இது ஒரே வினை இல்லை, இரண்டு. தானாக ஓடுவதற்கு ஒன்று. இன்னொன்றை ஓட வைப்பதற்கு ஒன்று. நம்முடைய ஓடு, ஓட்டு மாதிரியேதான். ஆடு–ஆட்டு, உருகு–உருக்கு என்று நாம் ஒற்றை இரட்டித்து வேறுபடுத்துகிறோம் இல்லையா, அவர்கள் உயிரெழுத்தை மாற்றி வேறுபடுத்தினார்கள். இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலும் இதே ஜோடி இருந்தது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கடைசியில் ‘ரன்’ என்று ஒரே சொல் மிஞ்சியது. ஓடுவதும் அதுதான், ஓட்டுவதும் அதுதான்.

இன்னொன்று. காலால் ஓடுவதுதான் இதன் ஆதி அர்த்தம், மற்றதெல்லாம் உவமை என்று நினைத்துக்கொண்டு படித்தால் சிக்கல். நீர் ஓடுவதும் அதே அளவு பழைய அர்த்தம். ஜெர்மன் மொழியில் அந்த இரண்டும் இன்றைக்கும் பிரிந்தே இருக்கின்றன: ‘ரின்னன்’ என்றால் நீர் வழிவது, ‘ரென்னன்’ என்றால் காலால் ஓடுவது. ஆங்கிலத்தில் மூக்கும் ரன், ஆறும் ரன், குழாயும் ரன்.

ஆகவே ஒவ்வொரு ரன்னையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள். தானா ஓடுதா, யாராவது ஓட்டுறாங்களா? உங்கள் பட்டியலில் டிரிப் ஓடுது. டாக்டர் டெஸ்டை ஓட்டுறார். சர்க்கரை வியாதி குடும்பத்தில் ஓடுது. ‘அது அவங்க ரத்தத்துலயே ஓடுது’ என்று நாமும் சொல்கிறோமே, வேறு என்ன? க்ளினிக் தாமதமா ஓடுது. மருந்துப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டுறாங்க. பாதி பாரம் இறங்கியிருக்கும்.

தேனிக்காரி_நர்ஸ்

ஐயா, ரொம்ப நன்றி! டிரிப் விஷயத்துல ஒண்ணு தோணுது. நாங்க ‘டிரிப்ஸ் ஏறுது’ன்னுதான் சொல்வோம். அவங்க டியூபைப் பார்த்துச் சொல்றாங்க, நாம பேஷன்ட்டைப் பார்த்துச் சொல்றோம் போல.

ஆனா ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ எதுல சேர்த்தி? காய்ச்சலை யாராவது ஓட்டுவாங்களா?

நஷ்டக்கணக்கு

நஷ்டத்தை மட்டும் ஆசைப்பட்டா ஓட்டுறோம்? ஆனா ‘ரன்னிங் எ லாஸ்’னு சொல்றாங்க. அரசாங்கம் ‘ரன்ஸ் எ டெஃபிசிட்’. கடன் ஏறினா ‘ரன் அப் எ டெட்’. உருவத்துல எல்லாம் ஓட்டு, ஆனா ஓட்டுறவன் இஷ்டப்பட்டு ஓட்டல. அவன்கிட்ட அது நடந்துக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான். காய்ச்சலும் அந்த ஜாதி. அந்த ‘எ’வை மட்டும் விட்டுடாதீங்க. நம்ம ஊர்ல ‘ரன்னிங் ஃபீவர்’னு சொல்லிடுறோம், அங்க ‘ரன்னிங் எ ஃபீவர்’.

பழைய_அகராதி

சரியாகச் சொன்னீர்கள். ‘ரன் எ ரிஸ்க்’கும் அதே வீட்டுப் பிள்ளை.

சிலிகுவாய்ன்ட்_சிவா

மாமேஸ், இவ்ளோ பேசிட்டு கிரிக்கெட்டை விட்டுட்டீங்களே! நம்ம நாட்டுல பாதிப் பேருக்கு ‘ரன்’னா பெயர்ச்சொல். ஃபோர் போனா யாரும் ஓட வேணாம், நின்ன இடத்துல நின்னாலும் நாலு ‘ரன்’. ஓடாமலே ஓட்டம்!

அப்புறம் ‘ரன் அவுட்’. சின்ன வயசுல இங்கிலீஷ் பேப்பர்ல ஏதோ ஊர்ல பெட்ரோல் பங்க் எல்லாம் ‘ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்’னு படிச்சு, யார் த்ரோ அடிச்சான்னு யோசிச்சவன் நான். ‘மன்கட்’ மேட்டர் தெரியும்ல? 1947-ல சிட்னியில நம்ம வினூ மன்கட், பந்து போடுறதுக்கு முன்னாடியே பவுலிங் முனையில கிரீஸை விட்டுக் கிளம்பின ஆஸ்திரேலியாக்காரர் பில் பிரவுனை அவுட் ஆக்கினாரு. ரொம்ப காலம் அது விதிப் புத்தகத்துல ‘நியாயமில்லாத ஆட்டம்’ங்கிற அத்தியாயத்துல கிடந்துச்சு. 2022 அக்டோபர்லதான் எடுத்து சாதாரண ‘ரன் அவுட்’ விதிக்குள்ள வச்சாங்க. இன்னும் சண்டை ஓயல, அது வேற.

சும்மா_சுந்தரம்

கிரிக்கெட் கேள்வி ஓஇடில வராது தம்பி.

ஈழத்து_வாணி

வணக்கம், டொரோண்டோவில இருந்து எழுதுறன். அகராதி ஐயா சொன்ன ஓடு–ஓட்டு கதை வடிவா இருக்கு. ஆனா ஒரு சின்னச் சிக்கல். யாழ்ப்பாணத்தில நாங்கள் கார் ஓட்டுறேல்லை, கார் ஓடுறனாங்கள். ‘அண்ணை, உங்களுக்கு வான் ஓடத் தெரியுமோ?’ எண்டு கேட்டால், வானுக்குப் பின்னால ஓடச் சொல்லிக் கேக்கேல்லை. சைக்கிளும் ஓடுறதுதான். சென்னையில வந்து நிண்ட நேரம் ‘நான் நல்லாக் கார் ஓடுவன்’ எண்டு சொல்ல, வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பாத்தவர்.

இங்கிலீஷில ஓடுறதும் ஓட்டுறதும் ஒண்டாப் போச்சுது எண்டு சொல்லுறியள். வாகனம் எண்டு வந்தால் எங்கட வாயிலயும் அதுதான் நடந்திருக்கு.

பழைய_அகராதி

அம்மா, இது எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை! மூன்று பேர் மூன்று புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டினாலும் இவ்வளவு பளிச்சென்று இருக்காது. ‘கார் ஓடுகிறது’, ‘அவர் கார் ஓடுகிறார்’. இரண்டுக்கும் ஒரே வினை. கேட்பவருக்கு எப்படிப் புரிகிறது? வாக்கியத்தில் யார், எது என்று பார்த்துத்தான். ஆங்கிலேயனும் அதைத்தான் செய்கிறான். ‘தி பஸ் ரன்ஸ்’ என்றால் பேருந்து ஓடுகிறது. ‘தே ரன் எ பஸ்’ என்றால் ஓட்டுகிறார்கள். பின்னால் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தால் ஓட்டு.

ஆகவே நர்ஸ் தங்கச்சி, ‘ரன்’னுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். பெயர் இருந்தால் ஓட்டு. பெயர் இல்லாமல் லோ, லேட், டிரை, வைல்டு மாதிரி நிலையைச் சொல்லும் சொல் இருந்தால் அது மூன்றாவது ரகம்: ‘அப்படி ஆகிக்கொண்டு வருகிறது’. கையுறை ரன்னிங் லோ என்றால் தீர்ந்துகொண்டு வருகிறது. கிணறு ரன் டிரை என்றால் வற்றிப்போனது.

கோணவாய்க்கால்

ஓட்டுன்னதும் ஞாபகம் வருது. தேர்தல்ல போட்டி போடறதுக்கு அமெரிக்காக்காரன் ‘ரன்’ங்கிறான். ஓட்டு கேக்க ஓடறதால ரன்னா சார்? 😄

பழைய_அகராதி

சிலேடை நன்று. அது பந்தய ஓட்டத்தின் வழியில் வந்தது. இதில் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் ‘ரன் ஃபார்’. பிரிட்டனில் ‘ஸ்டாண்ட் ஃபார்’, அதாவது நிற்பார்கள். நம் ஆட்களும் தேர்தலில் நிற்கிறவர்கள்தான். எந்தக் காலத்திலும் ஓடியது கிடையாது. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இரண்டும் வேண்டாம், ‘கன்டெஸ்ட்’ என்று எழுதும். அதிபர் வேட்பாளரோடு துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவரைச் சொல்லும் ‘ரன்னிங் மேட்’ குதிரைப் பந்தயத்துச் சொல். ஒரே லாயத்துக் குதிரைகளில், தோழனுக்கு வேகம் பிடித்துக் கொடுக்க இறக்கிவிடப்படுகிற குதிரை. 2020-ல் பைடன் கமலா ஹாரிஸை அறிவித்தபோது அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினோமே, அந்தப் பேனருக்குப் பின்னால் ஒரு குதிரை நிற்கிறது.

ஈழத்து_வாணி

கனடாவிலயும் ரன் பண்ணுறதுதான். ஆனா தொகுதிக்கு இங்க பேர் ‘ரைடிங்’. வேட்பாளர் ரைடிங்கில ரன் பண்ணுறார்! வந்த புதுசில நோட்டீஸை வாசிச்சிட்டு ஏதோ குதிரை ஓட்டப் போட்டி எண்டு நினைச்ச ஆக்கள் எங்கட கட்டடத்திலயே இருந்தவை.

டவுன்_பிராஞ்ச்

வங்கியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். எங்களுக்குக் கேட்டாலே குலை நடுங்குற ரன் ஒண்ணு இருக்கு: ‘ரன் ஆன் தி பேங்க்’. எல்லாரும் ஒரே நேரத்துல டெபாசிட்டை எடுக்க வர்றது. எந்த பேங்க்லயும் மொத்த டெபாசிட்டும் ரொக்கமா இருக்காது, கடனா வெளியே போயிருக்கும். அதனால நல்ல பேங்கும் இதுல சாயும். 2007 செப்டம்பர்ல இங்கிலாந்துல நார்தர்ன் ராக் வாசல்ல ஜனங்க வரிசை கட்டி நின்னாங்க. அந்த நாட்டுல 1866-க்கு அப்புறம் அப்படி ஒண்ணு நடந்ததே இல்லைன்னு பேசிக்கிட்டாங்க. 2023 மார்ச்ல சிலிகான் வேலி பேங்க் கதை வேற மாதிரி. ஒரே நாள்ல 4,200 கோடி டாலரை எடுக்கச் சொல்லிட்டாங்க, பெரும்பாலும் உட்கார்ந்த இடத்துலயே. மறுநாள் பேங்கை மூடியாச்சு.

அகராதி சார், இது ஆள் ஓடுறதா, பணம் ஓடுறதா?

பழைய_அகராதி

பிறந்தபோது ஆள் ஓடி வந்ததுதான், முண்டியடித்துப் பாய்வது. 2023-ல் பணம் மட்டும்தான் ஓடியிருக்கிறது. சொல் அப்படியே நிற்கிறது, ஓடுகிறது மட்டும் மாறிவிட்டது.

ஜோலார்பேட்டை_ஜங்ஷன்

எங்கப்பா கூட்ஸ் கார்டு. ரயில்வேல லோகோ பைலட், கார்டு எல்லாம் ‘ரன்னிங் ஸ்டாஃப்’. வண்டியை விட்டு இறங்கினதும் அவங்க படுத்துத் தூங்குற இடத்துக்குப் பேரு ‘ரன்னிங் ரூம்’! எட்டு மணி நேரம் கடைசிப் பெட்டியில குலுங்கிட்டு வந்த மனுஷன், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு, பகல்ல கட்டையா கிடப்பாரு. அந்த ரூம்ல மட்டும் ஒருத்தரும் ரன் ஆக மாட்டாங்க. சமையல்காரர் வச்ச ரசம் எங்க வீட்டு ரசத்தைவிட நல்லா இருக்கும்னு அப்பா சொல்லி, அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.

புடவைக்_கொசுவம்

நான் வாட்ஸாப்ல புடவை விக்கிறேன். எங்க தொழில்ல ‘ரன்னிங் பிளவுஸ்’னா புடவையோட அதே துணியில, அதே கலர்ல தொடர்ந்து வர்ற பிளவுஸ் பிட். வேற கலர்னா ‘கான்ட்ராஸ்ட்’. ஒரு அக்கா ‘ரன்னிங் பிளவுஸ்னா ஜாகிங் போட்டுக்கிறதா’ன்னு கேட்டாங்க. சிரிக்க முடியல, கஸ்டமர்.

வீடு கட்டுறப்போ கிரானைட் கடையிலயும் ‘ரன்னிங் அடி’ன்னு கணக்கு போட்டாங்க. சதுரம் இல்லாம நீளத்துக்கு மட்டும் காசு. இதுக்கெல்லாம் ஓடு வருமா, ஓட்டு வருமா?

பழைய_அகராதி

இவை இரண்டும் ‘அறுபடாமல் நீண்டு போவது’ என்ற கிளை. ‘தி ரோடு ரன்ஸ் அலாங் தி ரிவர்’ என்றால் சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. சாலை எங்கும் நகரவில்லை, பார்வைதான் அதன்மேல் ஓடுகிறது. காலத்துக்கும் இதே கணக்கு: ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாளும் தொடர்ந்து. ஒரு படம் நூறு நாள் ஓடியது என்கிறோமே, அதுவும் இங்கேதான் வரும். அதை மட்டும் நாம் மொழிபெயர்க்கவே வேண்டாம், சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

புடவை என்றதால் கேட்கிறேன், சாயம் போவதற்கு என்ன சொல்வீர்கள்? ஆங்கிலத்தில் அதுவும் ரன்தான். ‘தி கலர்ஸ் வில் ரன்.’

புடவைக்_கொசுவம்

ஐயோ, அது தெரிஞ்சிருந்தா! சுங்குடி வாங்கின வெளிநாட்டு அம்மா ஒருத்தங்க ‘வில் இட் ரன்?’னு மெசேஜ் போட்டாங்க. எத்தனை மீட்டர்னு கேக்கிறாங்கன்னு நினைச்சு ‘எஸ் எஸ், ஃபுல் ரன்னிங், பிளவுஸ் ஆல்ஸோ’ன்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் அவங்க பேசவே இல்லை.

சிலிகுவாய்ன்ட்_சிவா

😂😂😂 இந்த இழைக்கு இது ஒண்ணே போதும்.

மில்ரோடு_மணி

கோயமுத்தூருங்க. ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் பாத்தவன். ‘ரன் ஆஃப் தி மில்’னு ஒண்ணு இருக்குதுங்களே, ரொம்ப சாதாரணம்ங்கிற அர்த்தத்துல. அது எங்க ஜாதிதானுங்க. மில்லுல ஒரே மூச்சா ஓட்டி எடுத்த சரக்கு ஒரு ‘ரன்’. தரம் பிரிக்காம, நல்லது சுமாரு எல்லாம் கலந்து வந்தது வந்தபடி அனுப்பினா அது மில்லு ரன். அதுல இருந்துதான் ‘ஒண்ணும் விசேஷமில்லாதது’ன்னு ஆயிருச்சு. புது கவுண்ட்டு, அதாவது நூலோட சன்னம், மாத்துனா முதல்ல ‘டிரையல் ரன்’ பாப்போம். எங்க மேஸ்திரி ‘ரன்னு சுத்தமா வருதா’ம்பாரு. நூல் அறுந்து அறுந்து வந்தா அன்னிக்கு யாருக்கும் டீ கெடையாது.

கோணவாய்க்கால்

எனக்குக் குழப்பமே அந்த வால்லதான். ‘ரன் ஓவர்’னா வண்டி ஏத்திடறது. ஆனா மேனேஜர் ‘லெட்ஸ் ரன் ஓவர் தி ப்ளான்’னு சொல்றாரு, ‘தி மீட்டிங் ரேன் ஓவர்’னும் சொல்றாரு. ‘ஐ ரேன் இன்டு யுவர் பிரதர்’னு ஃப்ரெண்டு சொன்னப்ப, அடி பலமான்னு கேட்டேன்.

நஷ்டக்கணக்கு

‘ரன் இன்டு’ல மூணு பார்த்துக்குங்க. ஆளா இருந்தா பெரும்பாலும் எதேச்சையா சந்திச்சது. சுவரு, மரம்னா மோதினது. தொகைன்னா அவ்வளவு வரைக்கும் போகுதுன்னு அர்த்தம், ‘ரன்ஸ் இன்டு லாக்ஸ்’. ‘ரன் ஓவர்’ல மீட்டிங் நேரம் தாண்டிப் போச்சு, பிளானை ஒரு தடவை மேலோட்டமா பார்க்கிறாங்க, மனுஷன்னா ஏத்திட்டாங்க. இதுல காரணம் தேடுறதைவிட சுந்தரம் சார் வழிதான் நல்லது.

சும்மா_சுந்தரம்

முதல் பதில்லயே சொன்னேன். இத்தனை பக்கம் ஓடிட்டு என்கிட்டயே வர்றீங்க.

பழைய_அகராதி

வால் ஒட்டிய ரன்களுக்கு மட்டும் சுந்தரம் சாருக்கு என் ஓட்டு. அங்கே என் கேள்வி செல்லுபடியாகாது. ‘ரன் டவுன்’ ஒன்றே ஆளைத் தூற்றுவதற்கும், வண்டி இடித்துத் தள்ளுவதற்கும், பேட்டரி தீர்வதற்கும், உடம்பு தளர்ந்திருப்பதற்கும் வரும். எந்த விதியாலும் அதைக் கட்ட முடியாது. நர்ஸ் தங்கச்சிக்குக் கடைசியது அவசியம். ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்று நோயாளி சொன்னால், வண்டி மோதியதா என்று கேட்டுவிடாதீர்கள். சோர்ந்து கிடக்கிறார்.

தேனிக்காரி_நர்ஸ்

எல்லாருக்கும் பெரிய நன்றி. எல்லாத்தையும் சேர்த்து நானே ஒரு ஹேண்ட்ஓவர் எழுதிப் பார்த்தேன். தப்பு இருந்தா சொல்லுங்க:

‘பெட் ஃபோர் ஹாஸ் ரன்னிங் நோஸ் அண்ட் இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர். ஹி ஃபீல்ஸ் ரன் டவுன். தி ஃபர்ஸ்ட் பேக் ஹாஸ் ரேன் த்ரூ. வி ஆர் ரன்னிங் லோ ஆன் சலைன். ஐ ரேன் இன்டு தி டாக்டர் இன் தி காரிடார், ஷி வில் ரன் சம் டெஸ்ட்ஸ்.’

ஈழத்து_வாணி

அருமை தங்கச்சி! ‘ரன்னிங் நோஸ்’ எண்டு எங்கட ஆக்கள்தான் கூடச் சொல்லுறது. இங்க ‘எ ரன்னி நோஸ்’ எண்டு சொல்லுவினம். இல்லாட்டி ‘ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்’ எண்டு முழுசாச் சொல்லுங்கோ.

பழைய_அகராதி

இன்னொரு திருத்தம்தான். ‘ஹாஸ்’ வந்துவிட்டால் ‘ரேன்’ வராது, மறுபடியும் ‘ரன்’. ‘தி ஃபர்ஸ்ட் பேக் ஹாஸ் ரன் த்ரூ.’ ரன், ரேன், ரன். இதை அங்கே பிறந்தவர்களே பேச்சில் தவறவிடுவார்கள். ஆனால் தாளைத் திருத்துகிறவர் விட மாட்டார்.

தேனிக்காரி_நர்ஸ்

குறிச்சுக்கிட்டேன் ஐயா. நைட் டூட்டிக்கு நேரமாச்சு, ஐயம் ரன்னிங் லேட்!